நல்ல நாளுக்கென்று எடுத்து வைத்த பாட்டில்

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாதமும் பேங்க் விஷயம்தான் பேசுவேன் என்று பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். முப்பத்தைந்து வருடம் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் வேறு என்ன பேசப்போகிறான்? ஆனால் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பழைய ஒயின் பாட்டில். பிரான்ஸ் நாட்டில் போர்தோ என்ற ஊர்ப்பக்கம் தயாரான சிவப்பு ஒயின். வயது 37. அதன் நல்ல காலமெல்லாம் முடிந்த பிறகு திறக்கப்பட்டது. அதில் இரண்டு மடக்கு நான் குடித்துப் பார்த்தேன்.

குடிக்கச் சொல்லி யாருக்கும் பரிந்துரைக்க வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. நம்மில் பாதிப் பேர் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். குடிப்பழக்கத்தால் நொந்த குடும்பங்கள் நம் நகரிலேயே இருக்கின்றன. ஆகவே இதை ஒரு பானத்தின் கதையாகக் கேட்காமல், ஒரு பொருள் எப்படிப் பழுத்து, எப்படி ஓய்ந்துபோகிறது என்பதன் கதையாகக் கேளுங்கள்.

பழசானால் நல்லது என்பது நமக்குப் புதிய விஷயம் இல்லை. புது அரிசி குழையும். ஒரு வருடம் கிடந்த அரிசி பொலபொலவென்று வரும். கல் உப்பு போட்டுப் பானையில் அடைத்த புளி, மாவடு, உப்பு நார்த்தங்காய் எல்லாம் நாள்பட்டால் ருசி கூடும். ஆனால் எதற்கும் ஓர் எல்லை உண்டு. பத்து வருட அரிசியை யாரும் தேடுவதில்லை, அது வண்டுக்குத்தான். ஒயினும் அப்படியே. "ஒயின் பழசாக ஆக உயர்வு" என்று சினிமாவில் கேட்டுக் கேட்டு நாம் நம்பிவிட்டோம். உலகில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரண்டு வருடங்களுக்குள் குடித்துவிடுவதற்காகவே தயாராகிறது. வைத்திருந்தால் மேம்படுவது மிகச் சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கில் பேர் போனது போர்தோ.

போர்தோ பிரான்சின் தென்மேற்கில் கரோன் ஆற்றங்கரையில் இருக்கும் துறைமுக நகரம். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அந்த ஆறு போய்ச் சேரும் கழிமுகத்தின் இடப்பக்கம் மெதோக் என்ற பகுதி. அங்கே கபர்னே சோவின்யோன் என்ற திராட்சைக்கு முதலிடம். வலப்பக்கம் மெர்லோ என்ற திராட்சை அதிகம். பெரும்பாலும் இவற்றைக் கலந்துதான் செய்வார்கள். 225 லிட்டர் ஓக் மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்துவிட்டுப் பிறகு பாட்டிலில் அடைப்பார்கள். 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் மெதோக் தோட்டங்களை ஐந்து தரமாகப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியல் இன்றும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்ட ஒரே தோட்டம் மூத்தோன் ரோட்ஷீல்ட், அதுவும் 1973-இல்தான். நம் பக்கத்தில் சர்வே நம்பர் மாறுவதை விடக் கஷ்டமாக இருக்கும் போலிருக்கிறது!

இந்த ஒயின் ஏன் பழுக்கிறது? விடை நம் அறுசுவையில் இருக்கிறது: துவர்ப்பு. கொட்டைப்பாக்கைக் கடித்தாலும், கடுக்காய் நாக்கில் பட்டாலும், வாழைப்பூவைச் சரியாக வேகவைக்காமல் தின்றாலும் வாய் இழுத்துப் பிடிக்கிறது அல்லவா? டானின் என்ற பொருளின் வேலை அது. திராட்சையின் தோலிலும் விதையிலும் அது நிறைய உண்டு. புதிய போர்தோ ஒயினைக் குடித்தால் வாய் வறண்டு முகம் சுளிக்கும் என்பார்கள். வருடங்கள் போகப் போக டானின் துகள்கள் ஒன்றோடொன்றும், திராட்சையின் நிறப்பொருளோடும் கைகோத்துப் பெரிதாகி, கனம் தாங்காமல் பாட்டிலின் அடியில் வண்டலாகப் படிந்துவிடுகின்றன. துவர்ப்பு அடங்குகிறது. கத்திரிப்பூ நிறம் செங்கல் நிறமாகிறது. பழ வாசனைக்குப் பதிலாகக் காய்ந்த இலை, தோல், மழை பெய்த மண் போன்ற வாசனைகள் எழுகின்றன. தக்கை வழியாகத் துளித்துளியாக நுழையும் காற்றும் இதற்கு உதவுகிறது.

துவர்ப்பு அடங்கி, பழம் இன்னும் மிச்சமிருக்கும் அந்தக் காலம்தான் உச்சம். அதற்குப் பிறகும் வேலை நிற்பதில்லை. பழம் போய்விடும். புளிப்பு மட்டும் எங்கும் போகாது. தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நிறம் செங்கல்லிலிருந்து பழுப்பாகும். காற்று மேலும் மேலும் சேர்ந்தால் கடைசியில் வினிகர்தான். பழுக்க வைத்த அதே காற்றுதான் கெடுக்கவும் செய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

எவ்வளவு சீக்கிரம் என்பதைச் சூடு தீர்மானிக்கிறது. 12, 13 டிகிரி, இருட்டு, ஆட்டம் அசைவு இல்லாத இடம், தக்கை காயாதபடி பாட்டில் படுத்த நிலை: இதுதான் அதற்கு ஏற்ற வாசம். பொதுவாக 10 டிகிரி ஏறினால் வேதிவினை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும். மே மாதத்து மறைமலை நகரில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைக் குடித்து மகிழும்படி பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். பாரியின் நாட்டைப் பாடும் கபிலர், மண்ணில் புதைத்து முதிர வைத்த தேறலைச் சொல்கிறார். மண்ணுக்கடியில் குளிர்ச்சி இருக்கும், சூடு ஏறி இறங்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. ஒயின் ஏற்றி வரும் இரண்டு பிடி ஜாடிகள் அவை. நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே வசவசமுத்திரத்தில், அயல்நாட்டுச் சாயல் கொண்ட கூம்பு ஜாடித் துண்டுகள் அகழாய்வில் வந்திருக்கின்றன. நம் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காரில் போய் வரும் தூரம்தான்.

இன்னொரு சுவையான செய்தி. போர்தோவில் சேன்ட் எஸ்தெஃப் என்ற ஊரில் லூயி கஸ்பார் தெஸ்தூர்னெல் என்று ஒருவர் இருந்தார். தன் ஒயினை இந்தியாவரை கப்பலில் அனுப்பி விற்றவர். விற்காமல் திரும்பி வந்த பாட்டில்களைக் குடித்துப் பார்த்தால், கடல் பயணத்தில் பழுத்து இன்னும் நன்றாக இருந்ததாம். அவற்றுக்கு "இந்தியா போய் வந்தது" என்று தனிப் பெயரே வைத்தார் என்று சொல்வார்கள். தன் ஒயின் கட்டடத்துக்குக் கீழ்த்திசைக் கோயில் மாதிரி கோபுரங்கள் வைத்தார், இன்றும் நிற்கின்றன. கடன் மிகுந்து 1852-இல் தோட்டத்தை விற்றார். அடுத்த வருடம் இறந்துபோனார். அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்த 1855 பட்டியலில் அவருடைய கோஸ் தெஸ்தூர்னெல் தோட்டத்துக்கு இரண்டாம் தரம் கிடைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. சில நல்ல நாட்கள் நாம் போன பிறகு வருகின்றன. சில நல்ல நாட்கள் நாம் இருக்கும்போதே வந்து நம்மைக் கேட்காமல் போய்விடுகின்றன.

இரண்டாவது வகைக்குத்தான் இப்போது வருகிறேன்.

எங்கள் சம்பந்தி புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். வேலை பார்த்தது பாரிஸ் புறநகரில். அவர் மகள்தான் எங்கள் மருமகள். அவள் பிறந்தது 1986-இல். பிள்ளை பிறந்த வருடத்து ஒயின் ஒன்றை வாங்கி வைத்து, அந்தப் பிள்ளையின் விசேஷத்தன்று திறப்பது அங்கே பலர் வீட்டில் உள்ள பழக்கம். சம்பந்தியம்மாவுக்கு அந்தப் பழக்கம் பிடித்துப்போயிற்று. 1986-ஆம் வருடத்து மெதோக் பாட்டில் ஒன்றை வாங்கினார். பெரிய பேர் போன தோட்டம் இல்லை. சம்பளக்காரர் வாங்கக் கூடியது. அந்த வருடத்து மெதோக் துவர்ப்பு மிகுந்தது, நாள்பட வைக்கலாம் என்று பெயர் எடுத்தது. அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் ஒரு சிறு அறை உண்டு. அங்கே படுக்க வைத்தார்.

2010-இல் கல்யாணம். பாட்டிலுக்கு 24 வயது. அந்த ரகத்துக்கு அதுவே சரியான வேளை. ஆனால் கல்யாணம் நடந்தது புதுச்சேரியில். பாட்டில் பாரிஸ் நிலவறையில். ஊருக்குத் திரும்பியதும் திறக்கலாம் என்றார்கள். திரும்பியபோது மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. 2014-இல் பேத்தி பிறந்தாள். பிரசவ வீட்டில் எதற்கு என்று விட்டார்கள். 2017-இல் சம்பந்திக்கு அறுபதாம் கல்யாணம், அது திருக்கடையூரில். கோயில் காரியத்தோடு இதைச் சேர்க்க மனம் வரவில்லை. 2021-இல் சம்பந்தியம்மா காலமாகிவிட்டார்.

2023-இல் சம்பந்தி அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் புதுச்சேரிக்கே வந்துவிட்டார். பாட்டிலைப் புடவைகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்து, ஃபிரிஜ்ஜின் காய்கறித் தட்டில் வைத்தார். 2024 ஜனவரியில் பேத்தியின் பத்தாவது பிறந்தநாள். "சம்பந்தி, இந்தத் தடவை விடறதில்ல. நீங்களும் வந்துடுங்க" என்றார். போனோம்.

வண்டல் அடியில் இறங்கட்டும் என்று இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்திருந்தார். உள்ளே ஒயின் கழுத்துவரை இல்லை, தோளுக்கு இறங்கியிருந்தது. அவ்வளவு காலத்தில் தக்கை வழியே ஆவியாகப் போனது. தக்கை பாதியில் உடைந்து, மீதி பிரெட் தூள் மாதிரி உதிர்ந்தது. மருமகள் மொபைல் டார்ச்சை பாட்டில் கழுத்துக்குப் பின்னால் பிடித்தாள். சம்பந்தி கண்ணாடிக் குவளையில் மெதுவாகச் சாய்த்து, காப்பிப் பொடி மாதிரி கறுப்பு வண்டல் கழுத்துக்கு வந்த இடத்தில் நிறுத்திவிட்டார். தக்கைத் தூளை டீ வடிகட்டியில் வடித்தோம்.

நிறம் கெட்டியாகக் கரைத்த பழம்புளித் தண்ணீர் மாதிரி; ஓரத்தில் பழுப்பு. முதலில் மோந்தபோது பூட்டிக் கிடந்த அலமாரி வாடை. இரண்டு மூன்று நிமிடத்தில் அது விலகி வேறு ஒரு வாசனை வந்தது. காய்ந்த சருகு, ஈர மண், பழைய மூக்குப்பொடி டப்பா, எங்கோ அடியில் பேரீச்சம்பழம். எல்லோரும் சும்மா இருந்தோம். ஒரு மடக்கு குடித்தேன். மெலிந்து, தண்ணீராக இருந்தது. பழம் இல்லை. புளிப்பு முன்னால் நின்றது. கடைசியில் கொஞ்சம் வறட்டுத் துவர்ப்பு. கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. வயதானவர் மெல்லிய குரலில் பேசுவது மாதிரி. காது கொடுத்தால் கேட்கும்.

இளம் ஒயினை ஊற்றி வைத்துக் காற்றாட விட்டால் நன்றாகும். கிழ ஒயினுக்கு அந்தத் தெம்பு கிடையாது. இருபது நிமிடத்தில் அந்த வாசனை போய்விட்டது. இரண்டாவது மடக்கில் வெறும் காடி. "போயிடுச்சு, சம்பந்தி" என்றார். அவர் சொன்னது ஒயினைத்தான். கேட்ட எங்களுக்கு அப்படி மட்டும் கேட்கவில்லை.

பாட்டிலைத் துடைத்து வைக்கும்போது மருமகள்தான் பார்த்தாள். லேபிளின் கீழ் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால், மங்கிய தமிழ் எழுத்தில், அவள் அம்மா எழுதியிருந்தார்: "பாப்பா கல்யாணத்துக்கு."

நான் பேங்க்காரன். எனக்கு அதைப் பார்த்ததும் மெச்சூரிட்டி தேதி என்றுதான் தோன்றியது. அந்த அம்மா தேதியைச் சரியாகவே எழுதி வைத்திருக்கிறார். அந்த நாளும் வந்தது. யாரும் வவுச்சர் போடவில்லை.

என் சர்வீஸில் இதைப் பல உருவத்தில் பார்த்திருக்கிறேன். மகள் சீமந்தத்துக்குக் கட்டலாம் என்று லாக்கரில் மடித்து வைத்த பட்டுப்புடவை. பிரித்தபோது மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. காசிக்குப் போவதற்கென்று போட்ட டெபாசிட். போக வேண்டியவருக்கு முழங்கால் போய்விட்டது. சொல்லப்போனால் பேங்க் டெபாசிட்டும் உச்சம் தாண்டும். முதிர்ந்த பிறகு புதுப்பிக்காமலும் எடுக்காமலும் கிடந்தால், ஒப்புக்கொண்ட வட்டி, சேமிப்புக் கணக்கு வட்டி, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். 2021-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி இது. பத்து வருடம் யாரும் கேட்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். போனாலும் உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும். தேடுவதற்கு 2023 முதல் 'உத்கம்' என்ற இணையதளம் இருக்கிறது. பணத்துக்கு இந்த வசதி உண்டு. ஒயினுக்கும் முழங்காலுக்கும் கிடையாது.

அதற்காக எல்லாவற்றையும் இன்றைக்கே உடைத்துச் செலவழியுங்கள் என்று சொல்லவில்லை. சேமித்த தலைமுறை நாம். அதனால்தான் இன்று யாரிடமும் கைநீட்டாமல் உட்கார்ந்திருக்கிறோம். 1986 ஒயினை 1988-இல் திறந்திருந்தாலும் வாய் கட்டும் துவர்ப்புதான் மிஞ்சியிருக்கும். காத்திருந்தது சரி. காத்திருப்பதே வழக்கமாகிவிட்டதுதான் சிக்கல். "இதைவிட நல்ல நாள் வரும்" என்று ஒவ்வொரு நல்ல நாளையும் தாண்டிவிட்டோம். டெபாசிட் ரசீதில் தேதி அச்சாகி வருகிறது. ஐரோப்பாவில் 10 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஒயினுக்குக் கடைசித் தேதி போட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நம் வீட்டுப் பொருட்களுக்கும், நம் ஆசைகளுக்கும் அப்படித்தான். அந்தத் தேதியை நாம்தான் எழுத வேண்டும்; எழுதியதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

"அப்போ அந்த பாட்டில் வேஸ்ட்டா சார்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை. அந்த இருபது நிமிடம் நடந்தது நிஜம். பத்து வயதுப் பேத்தி குவளையை மோந்து பார்த்துவிட்டு, "பாட்டி பீரோ வாசனை" என்றாள். அவளுக்குப் பாட்டி முகம் பாதி மறந்திருக்கும், வாசனை மறக்கவில்லை. உச்சம் தாண்டியதிலும் ஏதோ மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைப் பெறுவதற்கும் யாராவது திறந்தாக வேண்டும். இன்னும் ஐந்து வருடம் வைத்திருந்தால் அந்த இருபது நிமிடமும் கிடைத்திருக்காது.

இதைப் படிக்கும் உங்களிடம் மூன்று வேண்டுகோள். இந்த வாரம் பீரோவையும் பரணையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். நல்ல நாளுக்கென்று எடுத்து வைத்த வெள்ளித் தம்ளர், புது வேட்டி, பீங்கான் தட்டு எது இருந்தாலும் அதில் ஒன்றை வரும் ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் புழங்குங்கள். இரண்டாவது, டெபாசிட் ரசீதுகளை எடுத்து முதிர்வுத் தேதி, நாமினி இரண்டையும் சரிபாருங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். செவ்வாய்க்கிழமை மாலை நான் அங்கே இருப்பேன். மூன்றாவது, போகலாம் போகலாம் என்று தள்ளிவைத்த ஊர் ஒன்று எல்லோருக்கும் இருக்கும். அதற்கு இன்றிரவு ஒரு தேதி குறித்து, பக்கத்தில் இருப்பவரிடம் உரக்கச் சொல்லுங்கள்.